டீக்குப் பிறகு வெட்டுப்பட்ட முருங்கைக்காய்

சிப்ஸ் மெஷினின் கன்ட்ரோல் பெட்டி மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாசம் வந்தது. உங்கள் அத்தாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில், சுற்றி முடித்த கம்பியை முக்கி எடுப்பார்களே, அதே வார்னிஷ். மலை ஈரம் ஏறிவிடக் கூடாதென்று போர்டின் அடியில் ஒரு கை பூசி வைத்திருந்தாய். நாலு மாதம் ஆகியும் வாசம் போகவில்லை. வாசக்காரிதான் இல்லை.

இதைக் கிழங்குச் சாக்கின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கை நோட்டில், இடது கை மெயின் சுவிட்சில். எதிரே அம்மா மெஷினுக்குக் கிழங்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் விரல்களுக்கும் சுழலும் கத்திக்கும் நடுவில் இருப்பவை இரண்டே: நான்கு விரற்கடைத் தூரம், நாம் எழுதிய புரோகிராம். எனக்குப் பயமாக இருக்கிறது. ஹாஸ்டல் வாளியில் தவளை விட்டவள், வார்டன் செருப்பை ஆணியடித்து வைத்தவள், பயமாக இருக்கிறது என்று கைப்பட எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுபோய்ச் சட்டம் போட்டிருப்பாய்.

இந்தக் கொட்டகைக்கு நீ முதலில் வந்த நாள் உனக்கு நினைவிருக்குமா என்று கேட்க வாய் வருகிறது. மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறி வந்தாய். இறங்கியதும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "உங்கூருக்கு ரோடு போட்டவன் நேரா நடக்கத் தெரியாதவன்டி" என்றாய். மகளிர் குழுவின் பெண்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்கைச் சீவிச் சிப்ஸ் போடுவதைப் பார்க்கத்தான் கூட்டி வந்தேன். நீ சிப்ஸைப் பார்க்கவில்லை. என் பெரியம்மாவைப் பார்த்தாய்.

"உங்க பெரியம்மா ஏன் கையச் சேலைக்குள்ளயே வெச்சிருக்காங்க?"

இதே மெஷின்தான் அவள் வலது கையில் இரண்டு விரல்நுனிகளை எடுத்துக்கொண்டது. கிழங்குத் துண்டு சிறிதாகச் சிறிதாகக் கை கத்தியை நோக்கிப் போகும். பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிப்பதில்லை. நான் அதைச் சொன்னபோது வழக்கம்போல, "எங்க பெரியம்மாவுக்குக் கணக்குல எட்டுக்கு மேல வராது" என்றேன். நீ சிரிக்கவில்லை. மறுநாள் பாலிடெக்னிக்கில், "நம்ம புராஜெக்ட் அதுதான்" என்றாய்.

மெஷினின் வாய்க்கு மேலே ஒரு கேமரா. கேமராவுக்குப் பின்னால் லினக்ஸ் ஓடும், உள்ளங்கை அளவுப் போர்டு. பெண்களுக்கு நீலக் கையுறை. கிழங்கு வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை. ஆக, கத்திக்கு நான்கு விரற்கடை முன்னால் போட்ட கோட்டை நீலமாக எதுவாவது தாண்டினால் அது கைதான். உடனே மோட்டாருக்குப் பிரேக். குழுத் தலைவி அத்தை முதல் நாளே நீலச் சேலையில் வந்து குனிய, மெஷின் நின்றுவிட்டது. "பாத்தீங்களா, என்னக் கண்டா மெஷினே அடங்குது" என்று அவள் ஒரு வாரம் சொல்லித் திரிந்தாள்.

சோதிக்கக் கையை விடமுடியாது. கையுறையின் ஒரு விரலை வெட்டி முருங்கைக்காய்க்கு மாட்டினோம். முருங்கைக்காய் முழுசாக வெளியே வந்தால் பாஸ். கேமரா பார்த்ததிலிருந்து பிரேக் விழும்வரை நாற்பது மில்லிசெகண்டு. தொடர்ந்து ஐம்பது முருங்கைக்காய், ஐம்பதும் முழுசு. சராசரியை நான் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"சராசரிய எங்கிட்டச் சொல்லாத" என்றாய். "இருக்கறதுலயே மோசமானது எது, அத மட்டும் சொல்லு. வெரலு சராசரியாப் போகாது."

அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கப் போனோம். அரைமணி நேரம் பெண்கள் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டை யாரும் தாண்டவில்லை. திரும்பி வந்து நீ விட்ட முதல் முருங்கைக்காய் இரண்டு துண்டாக வந்தது. அடுத்தது முழுசு. அதற்கடுத்ததும் முழுசு.

"மெஷினும் டீக்குப் போயிருக்கும்" என்றேன். நீ அந்தத் துண்டைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு டீ குடித்தாய், அரைமணிக்கு ஒன்று, ஒவ்வொரு டீக்கும் பிறகு வரிசையாக மூன்று முருங்கைக்காய். அதில் நாலு வெட்டுப்பட்டது. அந்த நாலும் டீக்குப் பிறகு வந்த முதல் காய்.

நீ எனக்கு அதை விளக்கிய விதம் மறக்கவில்லை. புரோகிராம் ஒரு புத்தகம் மாதிரி, பக்கம் பக்கமாக நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். இடம் பற்றாவிட்டால், ரொம்ப நேரம் யாரும் தொடாத பக்கத்தை லினக்ஸ் தூக்கி எறிந்துவிடும். வேண்டுமானால் மெமரி கார்டிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம். கேமராவைப் பார்க்கும் பக்கம் நொடிக்கு முப்பது தடவை வேலை செய்கிறது, அதை எறியாது. பிரேக் போடும் பக்கம்? யார் கையும் தாண்டாதவரை அதற்கு வேலையே இல்லை.

"புரியுதா? கை தாண்டறப்ப மட்டும் வேணுங்கறது எதுவோ அதத்தான் மொதல்ல மறக்குது. கார்டுக்குப் போயித் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள வெரலு போயிரும். நாம அம்பது காய வரிசையா உட்டோம். மொதக் காய்லயே அது உள்ள வந்து உக்காந்துக்குச்சு. அதான் அம்பதும் பாஸு."

அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காரணம் நீ நினைத்தது அல்ல. நினைவகத்தில் இடம் ஏன் பற்றவில்லை என்று நீ தேடத் தொடங்கியிருந்தாய். எனக்குத் தெரியும்.

அதற்கு ஒரு வாரம் முன்பு உனக்குத் தெரியாமல் போர்டில் ஒரு வேலை செய்திருந்தேன். தலைவி அத்தையின் குரலில் நானே பேசி நாற்பது துண்டு பதிவு செய்து, ஸ்பீக்கர் மாட்டி, மெஷின் ஓட ஓட நடுநடுவே பேச வைத்தேன். "கிழங்க நறுக்குங்கடி, கதைய நறுக்காதீங்க." பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அது நம் போர்டிலேயே ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. நாற்பதையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றி வைத்திருந்தேன், உடனே உடனே பேசவேண்டும் என்று. புரோகிராமுக்கு 'சும்மா' என்று பெயர். பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டால் எடுத்துவிடலாமென்று கார்டு முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். புத்திசாலியாக, 'சும்மா'வைப் போட்ட பிறகு.

நீ தேடினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்காய் சீவினேன். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஜோக்குதான் வந்தது. ஒரு வாரம் கழித்து நீயே, "சரி பண்ணிட்டேன்" என்றாய்.

"என்ன பண்ணுன?"

"பூட்டுனேன்."

அவ்வளவுதான். மேலே நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிடும். 'சும்மா' தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது. இடத்தைத் தின்பது அதுதான் என்று நீ கண்டுபிடிக்கவில்லை என நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் ஆறு நாளில் உன்னைக் கொண்டுபோனது. செய்தி வந்த காலை நான் பஸ்ஸில் மலை இறங்கினேன். எனக்கு வளைவில் குமட்டியதே கிடையாது. அன்றைக்கு எழுபதிலும் குமட்டியது.

மழை முடிந்து கிழங்கு தோண்டத் தொடங்கியதும் கொட்டகையைத் திறந்தார்கள். ஈரத்தில் கார்டு செத்துப்போயிருந்தது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பென்டிரைவைத் தேடி எடுத்து, புதுக் கார்டில் நகலை இறக்கி, மெஷினை ஓட்டினேன். தலைவி அத்தையின் குரல் பேசியது. எல்லாரும் கை தட்டினார்கள். நீ இல்லாமலே நான் செய்து காட்டிவிட்டேன் என்று ஒரு கர்வம். அந்த நகல், நீ பூட்டியதற்கு முந்தைய நகல். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அம்மா அன்று காலை முழுக்க அந்த மெஷினில் கை வைத்து வேலை செய்தாள்.

மத்தியானம் பெரியம்மா வந்தாள், குழம்புக்கு வாங்கிய முருங்கைக்காய்க் கட்டோடு. மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்காதவள், அன்றும் எட்டி நின்றே சொன்னாள்:

"ஏஞ்சாமி, அந்தப் புள்ள ஒரு காய உட்டுக் காட்டுமே. ஒருக்கா காட்டு, பாக்கறேன்."

அம்மா சிரித்துக்கொண்டே கையுறை விரலைக் காயில் மாட்டி உள்ளே விட்டாள். இரண்டு துண்டு.

பெரியம்மா தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் ஏதோ, "இன்னைக்குச் சாம்பாருக்கு மெஷினே நறுக்கிக் குடுத்துருச்சு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து 'சும்மா' வாயைத் திறந்தது: "கிழங்க நறுக்குங்கடி."

"ஒரு காய்தானே, தப்பிப் போயிருக்கும். நாளன்னிக்குச் சந்தைக்கு நாம சரக்குத் தந்தாகோணும்" என்றாள் தலைவி அத்தை.

"நாங் கவனமாத் தள்றேன் கண்ணு" என்றாள் அம்மா. "நீ பயந்துக்காத."

நான் கரண்ட் பெட்டியிலிருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "ரெண்டு நாளு குடுங்க. அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க." பெண்கள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்த இரண்டு நாளில், சோதிக்கும்போது மட்டும் பீஸ் கட்டையை மாட்டினேன். நீ செய்ததையெல்லாம் பயந்து பயந்து திரும்பச் செய்தேன். கேமரா பார்த்த நேரம், முடிவெடுத்த நேரம், பிரேக் விழுந்த நேரம், மூன்றையும் குறித்தேன். கார்டில் எழுதினால் அதுவே தாமதமாகும் என்று நீ திட்டியது ஞாபகம் வர, நினைவகத்திலேயே குறித்து, மெஷினை நிறுத்திய பிறகு எடுத்துப் பார்த்தேன். பிரேக் போடும் இடத்தில்தான் நானூறு மில்லிசெகண்டு. பக்கம் தேடிக் கார்டுக்குப் போன எண்ணிக்கையும் சரியாக அங்கேதான் ஏறியிருந்தது. நினைவகத்தை யார் தின்கிறார்கள் என்று பட்டியல் கேட்டேன். திரையில் முதல் பெயர்: சும்மா.

அதை உடனே அழித்தேன். அரைமணி காத்திருந்தேன். முழுசு. மறுபடி அரைமணி. முழுசு. ஆறாவது தடவை துண்டு.

அப்போது வந்த பயம் வேறு தினுசு. என் குறும்பு மட்டும்தான் காரணம் என்றால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. இப்போது வேறென்னவோ இடத்தைக் கேட்கும்போதும் அது மறக்கிறது. பூட்டவேண்டும். எப்படியென்று தேடிப் படித்து, எல்லாப் பக்கத்தையும் நினைவகத்திலேயே பூட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். தடையில்லாமல் ஓடியது. நாலாவது தடவை துண்டு.

உட்கார்ந்துவிட்டேன். சீவிய சிப்ஸ் மாதிரி இருந்தது மனசு. உனக்குப் போன் செய்யக் கை போனது. எண் இன்னும் முதலில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே 'மோட்டார் கடை'.

நாலு மாதமாக உங்கள் அத்தாவிடம் நான் பேசவில்லை. என்ன பேசுவேன்? சிக்னல் கிடைக்கும் அந்த மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் நின்று மூன்று தடவை எண்ணைத் தொட்டு மூன்று தடவை வைத்துவிட்டேன். நாலாவதில் நான் வைக்குமுன் அவர் எடுத்துவிட்டார்.

"யாரு, மலப்புள்ளயா? நல்லாருக்கியாம்மா?"

"இருக்கறேங்க அத்தா. அவளோட பச்சை அட்ட நோட்டு இருக்குங்களா? அதுல 'பூட்டு'ன்னு எங்கயாச்சும் எழுதியிருக்காளான்னு பாக்கோணுங்க."

"இங்கதான்மா, கடையிலதான் வெச்சிருக்கேன்." தாள் புரளும் சத்தம். பின்னால் ஒரு மோட்டார் ஓடி நின்றது. "இருக்கும்மா. படிக்கிறேன், எழுதிக்க. இங்கிலீசு வந்தா எழுத்துக் கூட்டிச் சொல்றேன்."

உன் கையெழுத்தை அவர் குரலில் கேட்டேன். "பூட்டச் சொன்னா போதாது. பூட்டுச்சான்னு கேளு. முடியலேன்னா சத்தமில்லாம முடியலேன்னு சொல்லிட்டுத் தெறந்தே கெடக்கும். எவ்வளவு பூட்டலாம்ங்கற அனுமதி எல்லையப் பெருசு பண்ணு." பிறகு ஒவ்வொரு எழுத்தாக ஒரு வரி இங்கிலீஷ், காயில் கம்பியின் சுற்றுக் கணக்கு எண்ணுகிற நிதானத்தில். "பூட்டுனப்புறம், கிழங்கு போடறதுக்கு முன்னால, பிரேக்க ஒருக்கா அடிச்சுப் பாரு. எல்லாப் பக்கமும் வந்து உக்காரட்டும்." அங்கே நிறுத்தினார். "இன்னும் ஒரு வரி இருக்கும்மா. 'கொரங்கு வேல, நாப்பது கொரலு. எடுக்க வேண்டாம். அம்மாங்க சிரிக்கிறாங்க.' இது என்னம்மா? யாரு கொரங்கு?"

"நாந்தாங்க அத்தா."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "அடுத்த பக்கமும் படிக்கவா?"

"போதுங்க அத்தா."

"நான் காயில் கட்டிக் குடுத்த நம்ம மோட்டாரு நல்லா ஓடுதாம்மா?"

"ஓடுதுங்க."

"பேரிங்குல சத்தம் வந்தா சொல்லு. நானே வாரேன்."

போனை வைக்க எனக்கும் மனமில்லை, அவருக்கும் இல்லை. சிக்னல்தான் வைத்தது.

நீ கண்டுபிடித்திருக்கிறாய். ஒரு வாரம் நான் முருங்கைக்காய் சீவிக்கொண்டு நடித்ததைப் பார்த்துக்கொண்டே, எடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் வாய் திறப்பேனா என்று பார்த்தாயா? அதை எனக்கு யாரும் படித்துக் காட்டமுடியாது.

நீ சொன்னபடியே செய்தேன். பூட்டுச்சா என்று கேட்டேன், இல்லை என்றது. எல்லையைப் பெரிதாக்கிவிட்டுக் கேட்டேன், ஆமாம் என்றது. பிரேக்கை ஒருமுறை அடித்தேன். பிறகு அரைமணிக்கு ஒரு காய். தாமதத்தை வரவழைக்க வேண்டுமென்றே நினைவகத்தை நிரப்பி வைத்தேன், 'சும்மா'வைத் திரும்ப ஏற்றி. இருபத்தாறு காய், ஒன்றுகூடத் துண்டாகவில்லை. மோசமானது நாற்பத்திரண்டு. ஊரில் எல்லா வீட்டிலும் முருங்கைக்காய்ச் சாம்பார்.

அப்புறம் பெண்களை உட்காரவைத்துச் சொன்னேன், எல்லாவற்றையும். அந்தக் குரலால்தான் மறந்தது, அதை நான்தான் போட்டேன், தெரிந்தும் சொல்லவில்லை, பழைய நகலை இறக்கியதும் நான்தான்.

தலைவி அத்தைதான் முதலில் பேசினாள். "உங்கொரலுன்னு எனக்குத் தெரியாதா? எங்கொரல்ல என்னைய விட நல்லாப் பேசறயேன்னுதான் கம்முன்னு இருந்தேன்."

பெரியம்மா சேலைக்குள்ளிருந்து கையை எடுத்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எட்டு விரல்காரியின் குட்டு நன்றாகவே வலித்தது. அம்மா மட்டும் பழைய நகலோடு வேலை செய்த காலையில் போட்டிருந்த கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக உள்ளே கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருக்கலாம்.

'சும்மா'வை எடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்றிருந்தும். மன்னித்துக்கொள், உன் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

இதோ இப்போது மெஷின் ஓடுகிறது. இருபது நிமிடமாக யார் கையும் தாண்டவில்லை. இந்த அமைதிக்குத்தான் நான் பயப்படுகிறேன். பிரேக் உள்ளேதான் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுவிட்சைப் பிடித்த இடது கை வியர்த்து வழுக்குகிறது. தலைவி அத்தைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் குரல் இல்லாத குறைக்கு அவளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கிழங்க நறுக்குங்கடி, கதைய" என்று தொடங்க, எல்லாரும் சிரிக்க, அம்மாவும் தலையைத் திருப்பிச் சிரிக்க

எழுதிக்கொண்டிருந்த வரியை முடிக்கவில்லை. பேனா கீழே விழுந்துவிட்டது. அம்மாவின் நீல விரல்கள் கோட்டைத் தாண்டின. நான் சுவிட்சை அழுத்துவதற்குள் மெஷின் நின்றிருந்தது. என் கை அதற்குப் பிறகுதான் அசைந்தது.

அம்மா கையை மெதுவாக வெளியே எடுத்தாள். கையுறையைக் கழற்றினாள். பெரியம்மாதான் கிட்டே போனாள், மெஷினுக்கு மிகக் கிட்டே, அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சும் இருக்குது" என்றாள்.

"எத்தன கண்ணு?" என்று அம்மா என்னைக் கேட்டாள். பிரேக் விழுந்த மில்லிசெகண்டைக் கேட்கிறாள். திரையைப் பார்த்தேன். முப்பத்தெட்டு. விரலால் காட்டினேன், மூன்று, எட்டு. அவள் மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

கொட்டகையைச் சாத்துமுன் நீ எல்லாரையும் கை நீட்டச் சொல்லி எண்ணுவாயே, "பத்து பத்திரமா?" என்று. அது நான் சொன்ன விளையாட்டு வார்த்தை, நீதான் அதை வேலையாக மாற்றினாய். அன்றிலிருந்து தினமும் நான் எண்ணுகிறேன். தலைவி அத்தைக்குப் பத்து, அம்மாவுக்குப் பத்து, பெரியம்மாவுக்கு எட்டு, எனக்குப் பத்து. எண்ணி முடித்தும் கொஞ்ச நேரம் நிற்கிறேன், இன்னும் ஒரு ஜோடிக் கை வரவேண்டியிருப்பதுபோல. யாரும் எதற்கென்று கேட்பதில்லை.

காலையில் பெண்கள் வருமுன் ஒரு முருங்கைக்காய் விடுகிறேன். முழுசாகத்தான் வருகிறது. ஆனாலும் நாளைக்கும் விடுவேன். பயம் போகவில்லை, போகவும் விடமாட்டேன். அதை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன். பூட்டுச்சா என்று கேட்டும் பார்த்துவிட்டேன்.